முதற் கமராவைத் தெரிவு செய்தல்

இரத்தினபுரி மாவட்டத்தின் நிவித்திகலப் பகுதியில் ஒரே நாளில் மூன்று விதமான ஒளியைக் காணலாம். விடியற்காலையில் தேயிலை மலையைப் போர்த்திக் கிடக்கும் மூடுபனியின் வெள்ளொளி ஒன்று. முற்பகலில் கொழுந்தெடுக்கும் பெண்களின் தலைமீது நேரே விழும் வெயிலின் கடுமையொளி மற்றொன்று. இறப்பர் மரங்களின் அடியிலும் லயத்துக் காம்பிராக்களின் உள்ளும் நண்பகலிற்கூட நீங்காது தங்கியிருக்கும் மங்கலொளி மூன்றாவது. இவற்றோடு மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கமரா விளம்பரங்களில் வரும் தெளிந்த வானமும் மணற்கரையும் இந்தப் பகுதிக்கு உரியவை அல்ல.

இங்குள்ள தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர், கலியாணம், பூப்புனித நீராட்டு, மாரியம்மன் திருவிழா முதலியவற்றைப் படம் எடுப்பதைத் தொழிலாகக் கொள்ள எண்ணுகிறார். அவர் முதற் கமராவை வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். அதற்காகக் கொடுக்கும் பணம் சிறியதன்று. கொழுந்தெடுத்தும் பால்வெட்டியும் வந்த நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. 2022ஆம் ஆண்டில் அமெரிக்க டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் கமராவின் விலையும் அதனோடு ஏறிற்று. பொருந்தாத ஒன்றை வாங்கிவிட்டால் மாற்றிக்கொள்வதற்கு இன்னொரு சீட்டுக் காலம் காத்திருக்க நேரும்.

கடைக்குச் செல்வோர் முதலிற் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்பதையே. இன்று அவ்வளவாகக் கேட்கத் தேவையில்லாத கேள்வியும் அதுவே. 24 மெகாபிக்சல் கமரா ஒன்று அகலவாட்டில் 6,000, உயரவாட்டில் 4,000 புள்ளிகளைப் பதிவு செய்கிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுக் கணக்கில் இது 20 அங்குல அகலமும் 13 அங்குல உயரமும் கொண்ட படமாகும். கலியாண அல்பத்தின் பக்கம் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. 2018இல் வெளிவந்த நிக்கோன் டி3500, கெனன் ஈஓஎஸ் 2000டி ஆகிய இரண்டும் இந்த 24 மெகாபிக்சல் வகையைச் சேர்ந்தவை; ஆரம்பநிலைப் படப்பிடிப்பாளருக்கென்றே செய்யப்பட்டவை. நல்ல வெளிச்சத்தில் எடுத்த இரண்டின் படங்களையும் அருகருகே வைத்தால் எது எதனுடையது என்று சொல்வது பழகிய கண்ணுக்கும் எளிதன்று. கையில் எடுக்கும்போதோ இரண்டும் வெவ்வேறு கருவிகள்.

டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் இவ்வகைக் கமராவின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வது நன்று. வில்லையினூடாக உள்ளே வரும் ஒளியை, உட்புறத்தில் சாய்வாக வைக்கப்பட்ட கண்ணாடியொன்று மேல்நோக்கித் திருப்புகிறது. மேலே உள்ள வேறு கண்ணாடிகள் அதை நேராக்கிக் கண்ணுக்குக் கொண்டு சேர்க்கின்றன. பொத்தானை அழுத்திய கணத்தில் சாய்ந்த கண்ணாடி மேலெழுந்து வழிவிட, ஷட்டர் திறந்து, ஒளி பின்னாலுள்ள ஒளியுணரியில் வீழ்கிறது. வில்லை காண்பதையே படப்பிடிப்பாளரின் கண்ணும் காண்கிறது என்பது இதன் பெருஞ்சிறப்பு.

ஒரு கருவியை எவ்வாறு பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது, எடுக்கப்படும் படத்தையே மாற்றிவிடும். இலங்கையின் தோட்டங்களே இதற்குச் சான்று. புகழ்பெற்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரான ஜூலியா மார்கரெட் கெமரன் அம்மையார் 1875இல் இலங்கையில் வந்து குடியேறினார். 1879இல் டிக்கோயாவில் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். கோப்பித் தோட்டத் தொழிலாளரை அவர் எடுத்த படங்கள் சில இன்றும் எஞ்சியுள்ளன. அவருடைய கமரா ஒரு பெரிய மரப்பெட்டி. கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படம் எடுத்து, அப்போதே கழுவி முடிக்க வேண்டும். படத்தில் இருப்பவர் பல விநாடிகள் அசையாதிருக்க வேண்டும். ஆகவே அந்தப் படங்களில் கொழுந்துக் கூடையின் அசைவோ சிரிப்போ இல்லை. நிறுத்தி வைக்கப்பட்ட மனிதரே இருக்கின்றனர். பின்னர் கொழும்பில் வாழ்ந்த லயனல் வென்ட் (1900–1944) ரொலிஃபிளெக்ஸ் கமராவைக் கையாண்டார். அதை இடுப்பளவில் பிடித்து, தலை குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். காட்சி இடவலம் மாறித் தெரியும். டி.எஸ்.எல்.ஆரோ கண்ணோடு ஒட்டியிருந்து, நடப்பவரோடு நடந்து படம் எடுக்க இடங்கொடுக்கிறது. தீமிதிக்கும் பக்தரைப் பின்தொடர்ந்து எடுக்க விரும்புவோருக்கு இது பெரிய வாய்ப்பு. கருவி கையோடு ஒத்துழைக்காவிட்டால் அந்த வாய்ப்பு வீணாகும்.

இத்தகைய கமரா சாதாரண மக்களின் கைக்கு எட்டத் தொடங்கியது 2003இல். அவ்வாண்டு வந்த கெனன் ஈஓஎஸ் 300டி, ஆயிரம் அமெரிக்க டொலருக்குக் குறைந்த விலையில் விற்கப்பட்ட முதல் டி.எஸ்.எல்.ஆர். ஆகும். இன்று நிறுவனங்கள் கண்ணாடியில்லாத புதுவகைக் கமராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. டி3500இன் உற்பத்தியும் 2022இல் நின்றது. ஆனமையால் இந்த வகையில் ஒன்றை நாடும் தோட்டத்து இளைஞர், பெரும்பாலும் வேறொருவர் பயன்படுத்திய கமராவையே வாங்க நேரும்.

முதலிற் பார்க்க வேண்டியது பிடி. மின்கலத்தோடு சேர்த்து டி3500 ஏறத்தாழ 415 கிராம். 2000டி 475 கிராம். எடையைக் கேட்டதும் இலேசானதே மேல் என்று முடிவு செய்துவிடலாகாது. டி3500இன் பிடி ஆழமானது; நான்கு விரல்களும் அதனுள் இறங்கிப் பற்றிக்கொள்ளும். பிடி ஆழமற்ற கமராவில் சுண்டுவிரல் அடியில் இடமின்றித் தொங்கும். முதல் ஐந்து நிமிடத்தில் இது தெரியாது. கலியாண வீட்டில் நான்காவது மணி நேரத்தில் மணிக்கட்டு நோகும்போதே தெரியும். கமராவின் முன்பகுதியில் ஒட்டிய இறப்பர் உறையையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பழைய கமராக்களில் அது வெப்பத்தாலும் வியர்வையாலும் பசை விட்டு உப்பிப் போயிருக்கும். இறப்பர்ப் பால் வெட்டும் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது கட்டுப்பாடுகள். மலிவான கமராவுக்கும் விலையுயர்ந்த கமராவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. உயர்தரக் கமராவில் விரலால் உருட்டும் சக்கரங்கள் இரண்டு. ஒன்று ஷட்டர் வேகத்துக்கு, மற்றது வில்லைத் துவாரத்தின் அளவுக்கு. ஆரம்பநிலைக் கமராவில் ஒரே சக்கரம். இரண்டாவது வேலையைச் செய்விக்க ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை உருட்ட வேண்டும். நிக்கோனில் அந்தப் பொத்தான் மேலே, ஆட்காட்டி விரலுக்கு அருகில். சக்கரம் பின்னே, பெருவிரலின் கீழ். கெனன் 2000டியில் இது தலைகீழ்: சக்கரம் மேலே, பொத்தான் பின்னே. எது நல்லது என்று வாதிடுவதில் பயனில்லை. கையின் அளவும் பழக்கமுமே அதைத் தீர்மானிக்கும். ஆனால் கண்ணைச் சாளரத்திலிருந்து எடுக்காமல் இந்த இரண்டையும் சேர்த்து இயக்க முடிகிறதா என்பதைக் கடையிலேயே சோதித்துவிட வேண்டும்.

அந்தப் பொத்தான் கூட்டல் கழித்தற் குறி கொண்டது. தானியங்கி முறைகளில் அதன் பணி, கமரா தானாகக் கணித்த ஒளியளவைச் சற்றுக் கூட்டுவது அல்லது குறைப்பது. நிவித்திகலப் படப்பிடிப்பாளருக்கு இதைவிடத் தேவையான பொத்தான் வேறில்லை. கமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதிக் கணக்கிடுகிறது. வெண்பனி மூடிய தேயிலை மலையை அதன் போக்கில் விட்டால் பனி அழுக்கு நிறமாகப் பதியும். மலையுச்சியில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு கொழுந்தெடுக்கும் பெண்ணை எடுத்தால், ஒளிமானி வானத்தின் பிரகாசத்துக்கு இணங்கி ஒளியைக் குறைத்துவிடும். அந்தப் பெண்ணின் முகம் அடையாளம் தெரியாத கருநிழலாகும். இந்த இரண்டிலும் ஒளியைக் கூட்ட வேண்டும். இறப்பர்க் காட்டின் கருத்த நிழலிலோ கமரா ஒளியை மிகைப்படுத்தும். அங்கே குறைக்க வேண்டும். தோட்டத்து மக்களின் முகங்கள் கறுத்து மறைந்த படங்கள் எத்தனையோ அல்பங்களில் இருக்கின்றன. குற்றம் முகத்தின் நிறத்தில் இல்லை. அழுத்தப்படாத ஒரு பொத்தானில் இருக்கிறது.

ஒளியுணரியின் கூர்மையைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவை மாற்றுவதில் கெனன் முந்துகிறது. 2000டியில் அதற்கெனத் தனிப் பொத்தான் உண்டு. டி3500இல் திரையிலுள்ள பட்டியலுக்குள் புகுந்தே மாற்ற வேண்டும். வெயிலில் நின்ற மணமகன் ஊர்வலத்தோடு வீட்டுக்குள் நுழையும் அந்த ஒரு நிமிடத்தில் இது குறையாகவே தோன்றும். கமராவின் தலைமேலுள்ள முறைத் தெரிவு வட்டிலும் எழுத்துகள் வேறுபடும். நிக்கோனில் ஏ, எஸ் என்றிருப்பவை கெனனில் ஏவி, டிவி எனப்படும். டிவி என்றதும் தொலைக்காட்சியை எண்ணி அந்தப் பக்கமே திரும்பாத புதியவர்கள் உண்டு. அது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறிப்பது. வில்லையை மாட்டும் திசையும் எதிரெதிர். முன்னிருந்து பார்க்கையில் கெனன் வில்லை வலஞ்சுழியாகவும் நிக்கோன் வில்லை இடஞ்சுழியாகவும் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். நண்பரின் கமராவை இரவல் வாங்குவோர் பலவந்தமாகத் திருகி உடைக்காதிருக்க இதை நினைவிற்கொள்வது நலம்.

இனிக் கண். விலையைக் குறைக்கும் பொருட்டு, ஆரம்பநிலைக் கமராக்களில் ஒளியைத் திருப்பும் திண்ணிய கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலாக உள்ளே வெறுமையான கண்ணாடிக் கூடு வைக்கப்படுகிறது. அதனால் காட்சி சற்று மங்கும். மேலும் இந்த இரண்டு கமராக்களின் சாளரத்திலும் படத்தின் 95 விழுக்காடே தெரியும். ஓரத்தில் தெரியாமல் நின்ற பிளாஸ்டிக் கதிரை படத்தில் வந்து அமர்ந்துவிடும். சாளரத்தின் அருகே பார்வைத் திருத்தத்துக்கான சிறு சக்கரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி அணிவோருக்கு அது இன்றியமையாதது. 2018இல் மிக மலிவாக வந்த கெனன் 4000டியில் அது இல்லை. வில்லை பூட்டும் வளையமும் உலோகமன்றிப் பிளாஸ்டிக்கால் ஆனது. நாள்தோறும் வில்லை மாற்றித் தொழில் செய்வோர் அதை ஒதுக்கிவிடலாம்.

கமராவோடு வரும் 18–55 மில்லிமீற்றர் வில்லை பகலுக்குப் போதும். நிக்கோனின் புதிய வில்லையில் ஒரு வழக்கம் உண்டு: சுருக்கி வைத்த வில்லையின் பக்கப் பொத்தானை அழுத்தித் திருப்பி நீட்டினாலன்றிப் படம் எடுக்கவியலாது. தாலி கட்டும் வேளையில் திரையில் எச்சரிக்கையைக் கண்டு திகைப்பதைவிட, காலையிலேயே வில்லையை நீட்டி வைத்துவிடுவது அறிவுடைமை. இரவில் நிலைமை வேறு. ஒற்றை மின்குமிழ் எரியும் காம்பிராவில் இந்த வில்லையை நெருக்கிப் பிடித்தால் துவாரம் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை அதனினும் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். இரண்டாவது வில்லை வாங்கப் பணம் சேரும்போது இதையே வாங்குதல் தகும். இங்கு ஒரு பொறி இருக்கிறது. டி3500இன் உடலுள் குவியத்தைச் சரிசெய்யும் மோட்டார் இல்லை. வில்லையிலேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகை வில்லைகள் மட்டுமே அதில் தானாகக் குவியும். பழைய டி வகை வில்லையை மலிவென்று வாங்கினால் கையாலேயே குவிக்க வேண்டிவரும். கெனனின் ஈஎஃப் வில்லைகள் 1987இல் தோன்றியது முதலே மோட்டாரைத் தம்முள் கொண்டவை. பழைய வில்லைகளை நம்பித் தொழில் தொடங்குவோருக்குக் கெனன் பக்கம் சாய்வதற்கு இது நியாயமான காரணம்.

பிளாஷ் விளக்கு மாட்டும் மேற்பொருத்தியையும் குனிந்து பார்க்க வேண்டும். கெனன் 250டி (2019) போன்ற சில கமராக்களில் அதன் நடுவிலுள்ள உலோகத் தொடுமுனை நீக்கப்பட்டுவிட்டது. எல்லாக் கமராவுக்கும் பொருந்தும் என்று மலிவாக விற்கப்படும் சாதாரண பிளாஷ் அதில் எரியாது. மின்கலத்தைப் பொறுத்தவரை நிக்கோனுக்கே வெற்றி: தொழிற்றுறைக் கணிப்பின்படி ஒருமுறை மின்னேற்றினால் டி3500 1,550 படங்களும் 2000டி 500 படங்களும் எடுக்கும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விடிய விடிய நடக்கும் கோயில் திருவிழாவில், இந்த எண்ணிக்கை மெகாபிக்சல் எண்ணைவிட மதிப்புடையது.

எஞ்சியிருப்பது மழை. இங்கு சொன்ன கமராக்கள் எவற்றிலும் நீர் புகாத காப்பு இல்லை. சக்கரம், பொத்தான், மின்கல மூடி ஒவ்வொன்றும் ஈரம் நுழையும் வாசலே. பிளாஸ்டிக் பை ஒன்றில் வில்லைக்குத் துளையிட்டு இறப்பர் வளையத்தால் கட்டிக்கொண்டால் தூறலைச் சமாளிக்கலாம். அதைவிடக் கொடியது வெளியில் தெரியாத ஈரம். தோற்பையினுள் பூட்டி வைத்த வில்லையில், மழைக்காலம் முடிவதற்குள் சிலந்தி நூல் போன்ற பூஞ்சை படரும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கமராவை வைப்பதும், அந்தப் பொட்டலங்களை அவ்வப்போது சூடாக்கி உலர்த்துவதும் சிக்கனமான காப்பு. மழையில் நனைந்த கமராவை அடுப்படியில் காய வைப்பது தவறு. புகையும் எண்ணெய்ப் பசையும் வில்லையில் ஏறும்.

பயன்படுத்திய கமராவை வாங்கும் நாளில் ஒரு வெள்ளைத் தாளையும் கைவிளக்கையும் கொண்டு செல்வது வழக்கமாக வேண்டும். துவாரத்தை எஃப் 22 அளவுக்குச் சிறுத்து, குவியத்தைக் கலைத்து, தாளைப் படம் எடுத்தால் ஒளியுணரியிலுள்ள தூசிகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். அவை பெரும்பாலும் ஊதுபந்தால் போகக்கூடியவை. அதற்காகக் கமராவை மறுக்க வேண்டியதில்லை. அடுத்து, நிக்கோன் கமராவானால், எடுத்த படத்தைக் கணினியில் ஏற்றி, ஷட்டர் எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். டி3500 போன்றவற்றின் ஷட்டர் ஏறத்தாழ ஒரு லட்சம் இயக்கங்களுக்கெனச் சோதிக்கப்பட்டது. கலியாணம் ஒன்றுக்கு ஆயிரம் படம் வீதம் எடுத்தவர் விற்கும் கமராவில், நூறு கலியாணங்களோடு அந்தக் கணக்கு முடிந்துவிடும். கடைசியாக வில்லையைக் கழற்றி, துவாரத்தை அகலத் திறந்து, பின்புறத்திலிருந்து கைவிளக்கைச் சரிவாகப் பிடித்து முன்புறத்திலிருந்து நோக்க வேண்டும். தூசியானால் தனித்தனிப் புள்ளிகளாக மினுங்கும். கிளைவிட்ட வெண்ணூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்திருந்தால், எந்தத் துடைப்பாலும் அந்தப் பூச்சு திரும்பி வாராது. உடல் நன்றாயிருப்பின் அதற்கு மட்டும் விலை பேசி, வில்லையை விற்பவரிடமே விட்டுவிடலாம்.